26,000-ல் 26: கைடண்ட் டிஃபிப்ரிலேட்டர் பழுதும் மூன்றாண்டு மௌனமும்

2005 மார்ச் 14 அன்று, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோஆப் என்ற ஊருக்கு அருகே, 21 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் தோழியுடன் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். வசந்த கால விடுமுறைக்காக மினசோட்டாவிலிருந்து வந்தவர். போகிற வழியிலேயே மயங்கிச் சரிந்தார், இறந்துவிட்டார்.

அவருக்கு ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி இருந்தது. இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்துப்போகிற, பெரும்பாலும் குடும்பவழியில் வருகிற நோய் இது. அமெரிக்காவில் இளம் விளையாட்டு வீரர்கள் ஆடுகளத்திலேயே விழுந்து இறப்பதற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. அதனால் ஒரு விதத்தில் இது யாரும் எதிர்பார்க்காத சாவு என்று சொல்ல முடியாது. எதிர்பார்த்ததால்தான் 2001-லேயே அவர் நெஞ்சில், ஷாக் கொடுத்து இதயத்தை மீட்கும் டிஃபிப்ரிலேட்டர் என்ற கருவியைப் பொருத்தியிருந்தார்கள். அந்தக் கருவி ஏன் காப்பாற்றவில்லை என்று தேடப்போனபோதுதான் இந்த வழக்கே ஆரம்பிக்கிறது.

கருவியின் பெயர் வென்டாக் பிரிஸம் 2 டிஆர், மாடல் 1861. தயாரித்தது கைடண்ட் நிறுவனம். தலைமையகம் இண்டியானாபோலிஸில், இதயக் கருவிகள் செய்யும் பிரிவு மினசோட்டாவின் செயின்ட் பால் பகுதியில். மருத்துவக் கருவிப் பழுதுகளைப் பற்றி அமெரிக்காவில் இன்றும் பேச்சு வந்தால், இந்த மாடல் எண் வராமல் இருக்காது.

கருவி என்ன செய்கிறது

டாக்டர்கள் சுருக்கமாக ஐசிடி என்று சொல்லும் இந்தக் கருவி, பார்க்கப் பேஸ்மேக்கர் போலத்தான் இருக்கும். கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சிறிய டைட்டானியப் பெட்டி; அதிலிருந்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகும் லீட் என்கிற வயர்கள். பேஸ்மேக்கர் இதயத்தை லேசாகத் தட்டிக்கொடுத்து ஓட்டும். ஐசிடி அதையும் செய்யும். கூடவே, இதயத் துடிப்பு தறிகெட்டுப் போய் ரத்தத்தை வெளியே தள்ள முடியாமல் வெறுமனே நடுங்க ஆரம்பித்தால், அதைத் தானே கண்டுபிடித்து ஒரு பெரிய ஷாக் கொடுத்து நிலைக்குக் கொண்டுவரும்.

இந்த ஷாக்தான் பொறியியலில் கடினமான பகுதி. உள்ளே இருப்பது 3 வோல்ட் அளவுள்ள பேட்டரி. அதிலிருந்து சில நொடிகளில், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர்களை 700 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி, 30 ஜூல் அளவுக்கு ஆற்றலை ஒரே வீச்சில் இதயத்துக்குள் செலுத்த வேண்டும். ஈரமும் உப்பும் நிறைந்த உடம்புக்குள், உள்ளங்கையில் அடங்கும் பெட்டியில், இத்தனை வோல்ட்டேஜை அடக்கி வைக்க வேண்டும். வருஷக்கணக்கில் ஒரு தடவைகூடத் தேவைப்படாமல் போகலாம். தேவைப்படும் அந்த ஒரு தடவை தவறக்கூடாது.

மைக்கேல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவரின் பிடிவாதத்தால் பிறந்த யோசனை இது. 1980 பிப்ரவரியில் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1985-ல் அனுமதி கொடுத்தது. அந்தத் தொழில்நுட்பம் மருந்து நிறுவனமான எலை லில்லியின் கையில் இருந்த கார்டியாக் பேஸ்மேக்கர்ஸ் நிறுவனத்துக்குப் போய், 1990-களின் நடுவில் லில்லியிலிருந்து பிரிந்த கைடண்டுக்கு வந்து சேர்ந்தது. ஆக, இந்தத் துறைக்குப் புதிதாக வந்த யாரோ செய்த கோளாறு இல்லை இது. உலகின் முதல் டிஃபிப்ரிலேட்டரின் நேர் வாரிசு செய்தது.

எங்கே பழுது

டைட்டானியப் பெட்டியின் தலையில் ஹெடர் என்று ஒரு பகுதி உண்டு. லீட்களைச் செருகும் இடம் அதுதான். பெட்டிக்குள்ளிருந்து வரும் கம்பிகள் இந்த ஹெடர் வழியாக லீட்களோடு இணைகின்றன. மாடல் 1861-ல், உயர் வோல்ட்டேஜைச் சுமந்து வரும் ஒரு கம்பி, பெட்டியைச் சீல் செய்யும்போது வாயு நிரப்பப் பயன்படுகிற சிறு உலோகக் குழாய்க்கு மிக அருகில் போனது. இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் இருக்கக் கம்பியின் மேல் பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் உறை.

பாலிஇமைடு நல்ல இன்சுலேஷன்தான். ஆனால் உடம்பின் ஈரத்தில் நாள்பட நாள்பட அது சிதையக்கூடியது. உறை கெட்ட பிறகும் கருவி வழக்கம்போல ஓடும். பேட்டரி அளவு சரியாகக் காட்டும், துடிப்பைச் சரியாகப் பதிவு செய்யும், மருத்துவமனைப் பரிசோதனையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஏனென்றால் அந்தப் பரிசோதனைகள் எதுவும் 700 வோல்ட்டை அந்தக் கம்பியில் ஏற்றிப் பார்ப்பதில்லை. இதயம் நடுங்கி, கருவி கெபாசிட்டர்களை நிரப்பி, ஷாக்கை விடும் அந்தக் கணத்தில் மின்சாரம் இதயத்துக்குப் போவதற்குப் பதிலாகக் கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே பொறியாகப் பாய்ந்துவிடும். ஷார்ட் சர்க்யூட். கருவியின் மின்சுற்று கருகிவிடும். அதன்பின் இரண்டாவது ஷாக் என்ற பேச்சே கிடையாது. அடிப்படைப் பேஸ்மேக்கர் வேலைகூட நின்றுபோகலாம்.

மோஆப்பில் நடந்தது அதுதான். இறந்த மாணவரின் கருவியைக் கைடண்ட் ஆய்வு செய்தபோது, ஷாக் கொடுக்க முயன்ற வேளையில் அது ஷார்ட் ஆகியிருந்தது தெரிந்தது. இதற்கு இரண்டு மாதம் முன்புதான், ஜனவரியில், அவர் வழக்கமான பரிசோதனைக்குப் போய் வந்திருந்தார்.

யாருக்கு, எப்போது தெரியும்

மாணவரைக் கவனித்து வந்தவர் மினியாபோலிஸ் ஹார்ட் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த டாக்டர் பேரி மேரன். தசைத் தடிப்பு நோயில் உலக அளவில் பேர் எடுத்தவர். இந்த நோயாளிகளுக்கு ஐசிடி பொருத்தலாம் என்று துணிந்து சொல்ல டாக்டர்களுக்கு ஆதாரம் தந்ததே அவர் குழுவின் ஆய்வுதான். 2000-ல் வெளியான அந்த ஆய்வில் 128 நோயாளிகள். ஏற்கெனவே ஒருமுறை உயிர் போய் மீண்டவர்களில் ஆண்டுக்கு 100-க்கு 11 பேருக்கும், முன்னெச்சரிக்கையாகப் பொருத்திக்கொண்டவர்களில் 100-க்கு 5 பேருக்கும் கருவி சரியான நேரத்தில் வேலை செய்து காப்பாற்றியது. அவர் பேச்சை நம்பித்தான் பல இளைஞர்கள் நெஞ்சில் பெட்டியை வைத்துக்கொண்டார்கள். இந்தச் சாவு அவரை ஏன் அவ்வளவு உலுக்கியது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இன்னொருவர் அதே ஹார்ட் இன்ஸ்டிடியூட்டில் பணியாற்றிய டாக்டர் ராபர்ட் ஹவுசர். அவர் கதை சுவாரசியமானது. கைடண்டாக மாறுவதற்கு முன்னால் கார்டியாக் பேஸ்மேக்கர்ஸ் நிறுவனத்துக்கே தலைவராக இருந்தவர் அவர். பிறகு மருத்துவத்துக்குத் திரும்பி, பேஸ்மேக்கர், ஐசிடி பழுதுகளைப் பல மருத்துவமனைகளிலிருந்து திரட்டும் ஒரு பதிவேட்டை நடத்தி வந்தார். தொழிற்சாலைக்குள் இப்படிப்பட்ட கோப்பு எந்த மேசையில் இருக்கும் என்று தெரிந்தவர். அப்படிப்பட்டவரிடம் மழுப்பலான பதில் செல்லுபடியாகாது.

இரண்டு பேரும் கேட்கக் கேட்க விஷயம் வெளியே வந்தது. இந்தப் பழுது மோஆப்பில்தான் முதல்முறை நடந்தது என்றில்லை. 2002 பிப்ரவரியிலேயே கைடண்டுக்கு முதல் தகவல் வந்துவிட்டது. 2002 ஏப்ரலில் தயாரிப்பில் ஒரு மாற்றம் செய்தார்கள். அதே நவம்பரில் இன்னொரு மாற்றம். அதாவது, பழுது எங்கே என்று தெரிந்து, அதற்கு மருந்தும் கண்டுபிடித்து, புதிய கருவிகளில் போட்டும்விட்டார்கள். ஏப்ரலுக்கு முன் செய்த கருவிகளின் எண்ணிக்கை சுமார் 26,000. அவற்றை நெஞ்சில் சுமந்தவர்களுக்கும் சொல்லவில்லை, அவர்களுடைய டாக்டர்களுக்கும் சொல்லவில்லை.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. திருத்திய கருவி தயாரான பிறகும், கையிருப்பில் இருந்த பழைய கருவிகளைத் தொடர்ந்து விற்றார்கள். பழுது அபூர்வம், பயமுறுத்தினால் தேவையில்லாத அறுவை சிகிச்சைகள் நடக்கும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கலாம். அதை அப்புறம் பார்ப்போம். ஆனால் அந்த வாதம் ஏற்கெனவே உடம்புக்குள் போய்விட்ட கருவிகளுக்குத்தான் பொருந்தும். அலமாரியில் இருக்கும் பெட்டிக்கு எந்த அறுவை சிகிச்சை ஆபத்தும் கிடையாது. அதை எடுத்து ஓரமாக வைத்திருந்தால் போதும். இந்த இடத்தில் நிறுவனத்துக்குச் சாதகமாக யோசிக்க முயன்று பார்த்தேன். கணக்குப் புத்தகத்தைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை.

2005 மே மாதம் கைடண்ட் அதிகாரிகள் மினியாபோலிஸ் வந்து இரு டாக்டர்களையும் சந்தித்தார்கள். மற்ற டாக்டர்களுக்குத் தெரிவியுங்கள் என்று இவர்கள் சொன்னார்கள். தெரிவிப்பதாக இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். மேரனும் ஹவுசரும் நியூயார்க் டைம்ஸ் நிருபர் பேரி மையரிடம் பேசினார்கள். செய்தி அச்சேறப் போகிறது என்ற நிலையில், மே 23 அன்று கைடண்ட் டாக்டர்களுக்குக் கடிதம் அனுப்பியது. மறுநாள் பத்திரிகையில் செய்தி. மூன்று வருஷம் முடியாத காரியம், ஒரு நிருபர் தொலைபேசியில் கூப்பிட்டதும் முடிந்தது.

ஜூனில் எஃப்டிஏ திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. இப்போது மாடல் 1861 மட்டும் இல்லை; கோண்டாக் ரினியூவல், ரினியூவல் 2 என்ற வேறு இரண்டு மாடல்களும் சேர்ந்தன. அவற்றிலும் ஹெடர் இன்சுலேஷன் கெட்டு ஷார்ட் ஆகும் கோளாறு. பழுது வரப்போகும் கருவியை முன்கூட்டியே கண்டுபிடிக்க எந்தப் பரிசோதனையும் இல்லை என்பதும் சேர்ந்தே அறிவிக்கப்பட்டது. மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களுக்குக் கருவி இலவசம், காப்பீட்டில் வராத மருத்துவச் செலவுக்கு 2,500 டாலர் வரை என்று கைடண்ட் சொன்னது.

26-ஐ எதால் வகுப்பது

நிறுவனத்தின் வாதத்தை அதன் முழு வலுவோடு பார்க்காமல் திட்டிவிட்டுப் போவது எளிது. வாதம் இதுதான்: மே 2005 வரை 26,000 கருவிகளில் 26 பழுது, அதில் ஒரு சாவு. அதாவது ஆயிரத்துக்கு ஒன்று. கருவியை மாற்ற நெஞ்சை மறுபடி கீறித் திறக்க வேண்டும். திறந்தால் தொற்று வரலாம், ரத்தம் கட்டலாம், பழைய லீட் சேதமாகலாம். அந்த ஆபத்து ஆயிரத்துக்கு ஒன்றைவிட அதிகம். விஷயத்தைச் சொன்னால் பயந்துபோய் எல்லோரும் மாற்றச் சொல்வார்கள். பழுதால் இறப்பவர்களைவிட மாற்றப் போய் இறப்பவர்கள் அதிகமாவார்கள். ஆகவே சொல்லாமல் இருப்பதே நோயாளிக்கு நல்லது.

இதில் பாதி உண்மை. அது உண்மை என்று பிறகு கனடாவில் நிரூபணமும் ஆனது. பல மருத்துவமனைகளில், இப்படி எச்சரிக்கைக்கு உள்ளான ஐசிடி வைத்திருந்த 2,915 பேரைப் பற்றி 2006 ஏப்ரலில் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 533 பேர் கருவியை மாற்றிக்கொண்டார்கள். அவர்களில் 43 பேருக்குச் சிக்கல். அதில் 31 பேருக்குப் பெரிய சிக்கல். இரண்டு பேர் இறந்தார்கள். எச்சரிக்கையில் சொன்ன அதே பழுது எத்தனை பேருக்கு வந்தது? மூன்று பேருக்கு, அந்த மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பயந்து மாற்றிக்கொள்வதற்கும் விலை உண்டு என்பதை மறுக்க முடியாத எண்கள் இவை. திரும்பப் பெறும் அறிவிப்பு வந்ததுமே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

ஆனால் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அந்த எண்ணைப் பாருங்கள். இந்தப் பழுது எப்போது வெளிப்படுகிறது? பெரும்பாலும் ஷாக் விடும்போது. 26,000 பேரில் பலருக்கு அந்த மூன்று வருஷத்தில் பெரிய ஷாக் தேவையே பட்டிருக்காது. அவர்களுடைய கருவி நன்றாக இருந்ததா, உள்ளே உறை உரிந்து காத்திருந்ததா என்று யாருக்கும் தெரியாது. அவர்களையும் நல்ல கருவிக் கணக்கில் சேர்த்து வகுத்தால் சதவீதம் குறையத்தான் செய்யும். ஊரெல்லாம் தீயணைப்பு சிலிண்டர் மாட்டிவிட்டு, தீப்பிடித்த வீடுகளில் எத்தனை சிலிண்டர் வேலை செய்தது என்று கேட்பதற்குப் பதிலாக, சுவரில் தொங்கும் எல்லாச் சிலிண்டரையும் வகுக்கும் எண்ணாகப் போட்ட மாதிரி இது. ஷாக் கொடுத்த கருவிகள் எத்தனை, அவற்றில் ஷார்ட் ஆனவை எத்தனை என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

மேலே இருக்கும் 26-ம் நம்பத்தக்க எண் கிடையாது. இதய நோயாளி ஒருவர் திடீரென்று இறந்தால் குடும்பம் அழுதுவிட்டுக் காரியத்தைப் பார்க்கும். இதயம் நின்றுவிட்டது, அவ்வளவுதான் என்று நினைப்பார்கள். நெஞ்சுக்குள் இருக்கும் பெட்டியை எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்று பெரும்பாலும் யாருக்கும் தோன்றாது. கருவி சவப்பெட்டியோடு புதைந்துபோகும். பழுதானதால்தான் இறந்தார் என்றால் அந்தச் சாட்சியம் சாவோடு சேர்ந்து மறைகிறது. மோஆப் மாணவர் விஷயம் வெளியே வந்ததற்குக் காரணமே அவர் இளைஞர், அவருடைய டாக்டர் இந்தக் கருவியை ஊர் உலகத்துக்குப் பரிந்துரைத்தவர், கருவியைப் பரிசோதித்தே ஆக வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. 26 என்பது கண்ணுக்குத் தெரிந்த பழுதுகளின் எண்ணிக்கை.

சரி, எண் சரியாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எல்லோருக்கும் ஒரே முடிவு பொருந்துமா? 80 வயது, சர்க்கரை நோய், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கருவியின் பேட்டரியே இன்னும் ஓராண்டில் தீரப்போகிறது. அப்படிப்பட்டவர் பேசாமல் இருப்பதே மேல் என்று எந்த டாக்டரும் சொல்வார். 21 வயது, மற்றபடி ஆரோக்கியம், சைக்கிள் ஓட்டுபவர், ஷாக் என்றைக்கு வேண்டுமானாலும் தேவைப்படலாம், தொற்று வரும் வாய்ப்பு குறைவு. அவருக்கு மாற்றுவதே மேல் என்று தோன்றலாம். ஒரே ஆயிரத்துக்கு ஒன்று, இரண்டு பேருக்கு இரண்டு விடை. இந்த விடையை நோயாளியின் வயதும் நோயும் அச்சமும் தெரிந்த ஒருவர்தான் எடுக்க முடியும். செயின்ட் பாலில் பழுது சதவீதத்தைக் கணக்குப் போட்ட பொறியாளர்களுக்கு அந்த நோயாளி யாரென்றே தெரியாது. மேரனும் ஹவுசரும் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்: எல்லோருக்கும் மாற்றுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, எங்களுக்குச் சொல்லுங்கள் என்றார்கள்.

பிறகு கைடண்டே ஒரு சுயேச்சைக் குழுவை அமர்த்தியது. மயாமி பல்கலைக்கழகத்தின் டாக்டர் ராபர்ட் மையர்பர்க் தலைமை. 2006 மார்ச்சில் அறிக்கை வந்தது. பழுது எண்ணிக்கை எதிர்பார்த்த அளவுக்குள் இருக்கிறதா என்ற புள்ளியியல் பார்வையே முடிவுகளை நடத்தியது, அந்தப் பழுது ஒரு நோயாளிக்கு என்ன செய்யும் என்ற மருத்துவப் பார்வைக்குப் போதிய இடமில்லை என்பது அதன் சாரம். நியாயமான பேட்டரி தேய்மானமும், உயிர் போகும் வேளையில் கருவி கருகுவதும் ஒரே அட்டவணையில் ஒரே வரியாக உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும்.

துறை முழுவதையும் பார்த்தால் பழுது என்பது அபூர்வ விஷயமும் இல்லை. 1990 முதல் 2002 வரை அமெரிக்காவில் 4,15,780 ஐசிடி கருவிகள் பொருத்தப்பட்டன. பழுது உறுதியாகி வெளியே எடுத்தவை 8,489. அதே காலத்தில் சுமார் 22.5 லட்சம் பேஸ்மேக்கர்கள் பொருத்தப்பட்டு, 8,834 பழுதாயின. இரண்டு வகையிலும் சேர்த்து, பழுதால் நேர்ந்ததாக உறுதியான சாவுகள் 61. ஐசிடி எவ்வளவு சிக்கலான பொருள் என்பதை இந்த ஒப்பீடே சொல்லும். அந்தச் சாவுகளுக்குப் பக்கத்தில், இந்தக் கருவிகள் காப்பாற்றிய உயிர்களை வைத்துப் பார்த்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் மேரனுக்கே சந்தேகம் இருந்ததில்லை. கைடண்ட் விவகாரத்துக்குப் பிறகும் அவர் ஐசிடியைப் பரிந்துரைப்பதை நிறுத்தவில்லை.

பணமும் நீதிமன்றமும்

இந்த மூன்று வருஷத்தில் கைடண்ட் வேறு நிறுவனத்துக்கு விலைபோகக் காத்து நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பரில் ஜான்சன் அண்ட் ஜான்சன் 2,540 கோடி டாலருக்கு வாங்கப் பேசி முடித்திருந்தது. பழுதுச் செய்தி வெளியானதும் 2005 நவம்பரில் விலையை 2,150 கோடியாகக் குறைத்தது. நடுவில் போஸ்டன் சயண்டிஃபிக் புகுந்து, போட்டி ஏறி, கடைசியில் சுமார் 2,700 கோடி டாலருக்கு 2006-ல் வாங்கிக்கொண்டது. பழுதான கருவியும், அதைப் பற்றிய வழக்குகளும் விலையில் சேர்த்தி.

இழப்பீடு கேட்ட நோயாளிகளின் வழக்குகள் மினசோட்டா கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. 2007-ல் 24 கோடி டாலர் வரை கொடுத்துச் சமரசம். குற்றவியல் வழக்கு தனி. 2009 நவம்பரில் 29.6 கோடி டாலருக்கு ஒப்புக்கொள்வதாகப் போஸ்டன் சயண்டிஃபிக் அறிவித்தது. குற்றச்சாட்டுகள் இரண்டு: பிரிஸம் 2-ல் செய்த மாற்றங்களைப் பற்றி எஃப்டிஏவுக்குக் கொடுத்த அறிக்கையில் தவறான தகவல் தந்தது, ரினியூவல் மாடலில் செய்த திருத்தத்தை உடனே தெரிவிக்காதது. இரண்டும் சட்டப்படி சிறு குற்றம் என்ற வகையில் வருபவை.

2010 ஏப்ரலில் நீதிபதி டோனவன் ஃபிராங்க் அந்த ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தார். பணம் கட்டினால் போதும் என்று இருக்கிறது, நிறுவனத்தைக் கண்காணிப்பில் வைக்கும் ஏற்பாடு எங்கே என்று அவர் கேட்டார். அரசு வழக்கறிஞர்களும் நிறுவனமும் கைகுலுக்கிய ஒப்பந்தத்தை நீதிபதி தூக்கிப் போடுவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. மூன்றாண்டு கண்காணிப்பு சேர்க்கப்பட்ட பிறகு 2011 ஜனவரியில் தண்டனை விதிக்கப்பட்டது: அபராதம் சுமார் 25.4 கோடி டாலர், பறிமுதல் சுமார் 4.2 கோடி. மருத்துவக் கருவி நிறுவனம் ஒன்றின் மீது அதுவரை விதிக்கப்பட்ட குற்றவியல் தண்டனைகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று. ஆனால் அந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு நின்றது கைடண்ட் என்ற நிறுவனப் பெயர் மட்டுமே. கையிருப்பை விற்கலாம் என்று முடிவெடுத்த மனிதர் யாரும் நிற்கவில்லை. அந்தக் கையிருப்பு விற்பனைக்காகவே 2013-ல் இன்னும் 3 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. பழுதென்று தெரிந்த கருவிகளுக்கு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் பணம் கட்டியது என்பது அந்த வழக்கின் அடிப்படை.

கைடண்டுக்கு இது முதல் தடவையும் இல்லை. அதன் துணை நிறுவனம் ஒன்று, வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கான ஒரு கருவியின் கோளாறுகளை எஃப்டிஏவிடமிருந்து மறைத்ததற்காக 2003-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 9.24 கோடி டாலர் கட்டியிருந்தது. பிரிஸம் கோப்பு அதே வேளையில்தான் அலமாரியில் உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகு வந்தவை

ஹவுசர் ஓயவில்லை. 2007-ல் மெட்ரானிக் நிறுவனத்தின் ஸ்பிரிண்ட் ஃபிடெலிஸ் என்ற லீட் எதிர்பார்த்ததைவிட வேகமாக உடைகிறது என்று முதலில் எழுதியவர்களில் அவரும் ஒருவர். மிக மெல்லிய லீட் அது. ரத்தக்குழாய்க்குள் நுழைப்பது சுலபம் என்பதால் டாக்டர்கள் விரும்பினார்கள். உள்ளே கம்பி உடைந்தால் அந்த உரசலின் மின் இரைச்சலை இதயத் துடிப்பு என்று கருவி நினைத்துக்கொண்டு, முழு நினைவோடு இருக்கும் மனிதருக்குத் திரும்பத் திரும்ப ஷாக் அடிக்கும். கைடண்டில் தேவைப்பட்டபோது ஷாக் வரவில்லை. இங்கே தேவையில்லாதபோது வந்தது. அக்டோபரில் விற்பனை நிறுத்தப்பட்டபோது உலகம் முழுக்க சுமார் 2,68,000 பேருக்கு அந்த லீட் பொருத்தப்பட்டிருந்தது. பெட்டியை மாற்றுவதைவிட லீட்டை உருவி எடுப்பது பல மடங்கு ஆபத்தானது, ஏனென்றால் அது ரத்தக்குழாயின் சுவரோடும் இதயத்தோடும் ஒட்டி வளர்ந்திருக்கும்.

2016 அக்டோபரில் செயின்ட் ஜூட் நிறுவனத்தின் முறை. பேட்டரிக்குள் லித்தியம் திட்டுத் திட்டாகப் படிந்து ஷார்ட் ஆகி, திடீரென்று சார்ஜ் இறங்கிவிடும் பழுது. உலகெங்கும் 3,98,740 கருவிகள் அறிவிப்புக்குள் வந்தன. இரண்டு சாவுகள் இதோடு தொடர்புபடுத்தப்பட்டன. 2005-க்கும் இதற்கும் ஒரு நல்ல வித்தியாசம் உண்டு: பேட்டரி இறங்குவதைக் கருவியே அதிர்ந்து நோயாளிக்குத் தெரிவிக்கும், படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கும் கண்காணிப்புப் பெட்டி மருத்துவமனைக்குத் தகவல் அனுப்பும். அதனால் எல்லோருக்கும் மாற்ற வேண்டாம், அறிகுறி வந்தவுடன் மாற்றினால் போதும் என்று சொல்ல முடிந்தது. மாடல் 1861 வைத்திருந்தவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்களுடைய பழுது அறிகுறி எதுவும் காட்டாதது.

அதற்குள் செயின்ட் ஜூட்டை வாங்கிவிட்ட ஆபட் நிறுவனத்துக்கு எஃப்டிஏ 2017 ஏப்ரலில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பேட்டரிப் பழுதைப் பற்றி நிர்வாகத்தின் ஆய்வுக் கூட்டங்களில் வைத்த விவரங்களில் ஒரு சாவு விடுபட்டிருந்தது என்று அதில் இருந்தது. திரும்பப் பெறுவதாக அறிவித்த பிறகும் அந்தப் பழைய கருவிகளில் சில கிடங்கிலிருந்து வெளியே போய், அவற்றில் சில நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டன என்பதும் அதே கடிதத்தில் இருந்தது.